பாத்டப்பில் பூந்தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

குளியலறையைப் புதுப்பிக்கும்போது கழற்றிப்போட்ட பாத்டப்பை என்ன செய்வது என்று நெல்லை, தென்காசிப் பக்கமிருந்து நிறையக் கடிதங்கள். பூந்தொட்டியாக்குவது பற்றிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: ஐந்தடி நீள வெள்ளை பாத்டப் ஒன்று வீட்டுப் பின்பக்கம் கிடக்கிறது. தட்டினால் பிளாஸ்டிக் சத்தம். ஆக்கர் (பழைய இரும்பு) கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பூச்செடி வைக்க ஆசை. அடியில் தண்ணீர் போகிற ஓட்டை ஒன்று இருக்கிறதே, அது போதாதா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: போதாது. அந்த ஓட்டை குளித்த தண்ணீர் வழுக்கி ஓடுவதற்காக வைத்தது. மண்ணை நிரப்பிவிட்டால் தண்ணீர் வழுக்கி ஓடாது, ஊறித்தான் இறங்கும். ஓட்டை இருக்கும் முனை காய்ந்தும், எதிர்முனை சொதசொதவென்றும் கிடக்கும். ஐப்பசி அடைமழையில் முதலில் அழுகுவது அந்த எதிர்முனைச் செடிதான்.

உங்களிடம் இருப்பது அக்ரிலிக் டப். மேலே பளபளப்பான அக்ரிலிக் தகடு, அதன் பின்னால் ஃபைபர். பெரும்பாலான டப்களில் அடிப்பக்கத்தில் ஒரு மரப்பலகையை வைத்து அதன்மேல் ஃபைபர் பூசி மூடியிருப்பார்கள். கவிழ்த்துப் பார்த்தால் நடுவில் செவ்வகமாகப் புடைத்துத் தெரியும். துளை போடும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். பலகை வழியாகத் துளைத்தால் அந்த விளிம்பில் தண்ணீர் ஏறி, பலகை ஊறி உப்பி, ஓரிரு மழைக்காலத்தில் அடிப்பாகம் தொய்ந்துவிடும். கூடுமானவரை பலகைக்கு வெளியே, விளிம்பை ஒட்டித் துளையிடுங்கள். பலகை மேல்தான் போட்டாக வேண்டும் என்றால், 20 மி.மீ. பி.வி.சி. பைப்பை இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கி, அது நுழையும் அளவுக்குத் துளை போட்டுச் செருகி, சுற்றிலும் எம்-சீல் வைத்து அடைத்துவிட வேண்டும். துண்டின் மேல்முனை உள்தரைக்கு மேலே துருத்தக் கூடாது. துருத்தினால் அந்த உயரத்துக்குத் தண்ணீர் தேங்கும்.

முதலில் பழைய பொருத்துகளைக் கழற்றுங்கள். அடியில், தண்ணீர் போகிற ஓட்டையில் மாட்டிய வேஸ்ட் கப்ளிங்கின் பெரிய நட்டு இருக்கும். மேலே விளிம்புக்குக் கீழே வழிநீர்த் துளையும் அதிலிருந்து இறங்கும் சுருள் பைப்பும் இருக்கும். பைப்பை எடுத்துவிடலாம். வழிநீர்த் துளையை மட்டும் அடைக்காதீர்கள். பேய்மழை பெய்யும் நாளில் மண்ணுக்கு மேல் நிற்கும் தண்ணீர் அது வழியாக வெளியேறும். உள்பக்கம் ஒரு துண்டு வலையை ஒட்டிவிட்டால் மண் போகாது.

டப்பை நிமிர்த்தி வைத்து, பளபளப்பான உள்பக்கத்திலிருந்தே துளையுங்கள். பின்னாலிருந்து துளைத்தால் பிட்டு வெளியே வரும் இடத்தில் அக்ரிலிக் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். துளை வரும் இடத்தில் மாஸ்க்கிங் டேப் ஒட்டி, அடியில் கட்டை கொடுத்து, முதலில் 3 மி.மீ. பிட்டு, பிறகு 12 மி.மீ. பிட்டு போடுங்கள். டிரில்லில் சுத்தியல் குறி போட்ட அமைப்பு கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். அது ஓடினால் ஓட்டை விழாது, விரிசல்தான் விழும். வேகத்தையும் குறையுங்கள். வேகமாகச் சுற்றினால் அக்ரிலிக் உருகி பிட்டில் சுற்றிக்கொள்ளும். ஐந்தடி டப்புக்கு 10 முதல் 12 துளை வேண்டும். ஃபைபர் தூள் தோலில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும். முழுக்கைச் சட்டை, முகக்கவசம், கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை பாருங்கள். தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

டப்பை வெறுந்தரையில் வைக்காதீர்கள். நாலு அங்குல ஹாலோ பிளாக்கை இரண்டு முனைக்கும் நடுவுக்குமாக மூன்று வரிசை குறுக்கே போட்டு, டப்பின் அடிப்பாகம் அதன்மேல் உட்காரும்படி வையுங்கள். விளிம்பைத் தாங்கவிட்டு அடியை அந்தரத்தில் விட்டால் மண் பாரத்தில் டப் பிளந்துவிடும். பழைய ஓட்டை இருக்கும் முனை அரை அங்குலம் தாழ்ந்திருக்கட்டும்.

மண் போடும் முன் ஒரு சோதனை உண்டு. இதைச் செய்யாமல் விட்டு, நிரப்பிய பிறகு தவிப்பவர்கள் அதிகம். உள்ளே இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். சில நிமிடத்தில் எல்லாம் வடிந்த பிறகு எங்காவது உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் தேங்கி நிற்கிறதா பாருங்கள். நின்றால் அந்த இடத்திலேயே இன்னொரு துளை.

கேள்வி: தட்டட்டியில் (மொட்டை மாடியில்) வைக்கலாமா? எங்கள் வீடு கட்டி இருபது வருடம் ஆகிறது. கொத்தனார் தாங்கும் என்கிறார், வீட்டுக்காரர் பயப்படுகிறார்.
– வாசகி, மேலப்பாளையம்

பதில்: வீட்டுக்காரர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஐந்தடி டப்பில் விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே வரை நிரப்ப 200 லிட்டருக்கு மேல் மண் கலவை பிடிக்கும். நன்றாக நனைந்த நிலையில் அது 300 கிலோவை நெருங்கும். டப்பின் எடையும் சேர்த்தால் அது உட்காரும் இடத்தில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 300 கிலோ. ஆட்கள் ஏறி இறங்கும் மொட்டை மாடிக்கு இந்தியக் கட்டுமானத் தர விதி எடுத்துக்கொள்ளச் சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோதான். பாரம் தளம் முழுக்க இல்லாமல் ஒரே இடத்தில் விழுவதால் உடனே இடிந்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் அறையின் நட்டநடுவில் வைத்தால் தளம் தொய்ந்து, கீழே கூரைப்பூச்சில் கீறல் காட்டும்.

தாங்கு சுவரோ பீமோ எங்கே போகிறது என்று கீழே போய்ப் பார்த்து, அதன் நேர்மேலே, அதன் நீளவாக்கிலேயே டப்பை வையுங்கள். கலவையில் செம்மண்ணைக் குறைத்து, செம்மண், தென்னைநார்க் கழிவு, தொழு உரம் மூன்றும் சமபங்கு என்று போட்டால் எடை கணிசமாகக் குறையும். அடியில் ஐந்து அங்குலத்துக்குத் தேங்காய் மட்டையை நெருக்கி அடுக்கி, அதன்மேல் கலவை போடுவது நம் ஊர்ப்பக்கம் உள்ள வழக்கம். எடைக்கு அது நல்லது. ஆனால் மட்டை மக்க மக்க மண் கீழே இறங்கும். வருடம் ஒருமுறை மேலே நாலைந்து சட்டி கலவை போட்டு நிரப்ப வேண்டியிருக்கும். மக்கும்போது தழைச்சத்தையும் அது இழுத்துக்கொள்ளும் என்பதால் முதல் ஆறு மாதம் உரத்தைக் கொஞ்சம் தாராளமாகக் கொடுங்கள்.

தட்டு ஓடு பதித்த தளமானால் டப்பின் அடியில் காற்றோட்டம் வேண்டும். வடியும் தண்ணீர் மழைநீர்க் குழாய்ப் பக்கம் ஓடவும் வேண்டும். ஒரே இடத்தில் ஊறிக்கொண்டே இருந்தால் ஓட்டின் இணைப்புக் காரை விட்டுப்போகும். மரக்கட்டை பாவிச் செங்கல் அடுக்கிய பழைய மச்சு வீடாக இருந்தால் யோசனையே வேண்டாம், டப்பைத் தரையில் வையுங்கள்.

கேள்வி: அடியில் கூழாங்கல், அதன்மேல் மணல், அதன்மேல் மண் என்று அடுக்கச் சொல்கிறார்கள். எங்களுக்குக் கரிசல்தான் கிடைக்கிறது. என்ன அளவில் கலப்பது?
– வாசகர், மானூர்

பதில்: கூழாங்கல் அடுக்கு தண்ணீரை வடிக்கும் என்பது வெகுநாளாக ஓடிவரும் நம்பிக்கை. நடப்பது நேர்மாறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள கல்லுக்குத் தண்ணீர் லேசில் இறங்காது. மண்ணின் அடிப்பகுதி ஊறித் ததும்பிய பிறகுதான் கல்லுக்குள் சொட்டும். அதாவது, தரைக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய சேற்றுப் பகுதியை நாலு அங்குலம் மேலே, வேருக்குப் பக்கத்தில் தூக்கி வைக்கிறீர்கள். கல்லின் எடை வேறு. ஒவ்வொரு துளைக்கும் மேலே ஒரு ஓட்டுச் சில்லைக் குமிழ்ப்பக்கம் மேலே இருக்கும்படி கவிழ்த்து வைத்து, பழைய பச்சை நிழல்வலையை இரண்டு மடிப்பாக விரித்தால் போதும். கொசுவலை வேண்டாம், அதன் கண் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

கலவைக்கு அளவு சொல்கிறோம். கொத்தனார் சட்டி ஒன்று ஏறக்குறைய 12 லிட்டர் பிடிக்கும் என்ற கணக்கு. செம்மண் 8 சட்டி, நன்றாக மக்கிய தொழு உரம் 6 சட்டி, ஊறவைத்த தென்னைநார்க் கழிவு 5 சட்டி, மணல் 2 சட்டி. இதனோடு வேப்பம் புண்ணாக்குத் தூள் 2 கிலோ, எலும்புத் தூள் 1 கிலோ. மொத்தம் 21 சட்டி வரும். டப்பின் கொள்ளளவுக்கு இது மிகைதான். ஆனால் கலந்து நீர் விட்டால் ஆறில் ஒரு பங்கு அமுங்கிவிடும். மீதி இருந்தால் சாக்கில் கட்டி வையுங்கள், மேலே நிரப்ப உதவும்.

தென்னைநார்க் கழிவு 5 கிலோ கட்டி ஒன்று ஊறினால் 60 லிட்டருக்குக் குறையாமல் வரும். அப்படியே போடாதீர்கள். அதில் உப்பு இருக்கும். தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, வேறு தண்ணீரில் மறுபடி ஊறவைத்துப் பிழியுங்கள். இரண்டாம் தண்ணீரும் டீ நிறத்தில் இருந்தால் மூன்றாவது முறையும் வேண்டும். மணலுக்கு எம்-சாண்ட் போதும். ஆனால் அதிலுள்ள பாறைத் தூளை வாளியில் அலசிக் கொட்டிவிட்டுப் பருமனான பகுதியை மட்டும் எடுங்கள். தூளோடு போட்டால் அது சிமெண்ட் மாதிரி இறுகும்.

கரிசல் வயலில் பொன், டப்பில் தொல்லை. நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கி ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு விலகும். அடுத்த முறை ஊற்றும் தண்ணீர் அந்த இடைவெளி வழியாக நேரே கீழே போய்விடும். வேர்ப்பந்து நனையவே நனையாது, நீங்களோ ஊற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மேலே சொன்ன 8 சட்டியில் கரிசல் 2 சட்டிக்கு மேல் வேண்டாம், மிச்சத்துக்குச் செம்மண் வரவழையுங்கள். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண் (சிவந்த மணல்) இதற்கு எதிரிடை. தண்ணீர் நிற்காது. அங்கே மணல் சேர்க்கவே வேண்டாம், அந்த இரண்டு சட்டிக்குப் பதிலாகத் தொழு உரத்தைக் கூட்டுங்கள்.

நிரப்பியதும் செடி நடாதீர்கள். இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒருநாள் நீர் விட்டு அமுங்கவிடுங்கள். புண்ணாக்கின் சூடும் அதற்குள் தணியும்.

கேள்வி: ஆக்கர் கடையில் கால் வைத்த பழைய இரும்பு பாத்டப் ஒன்று பார்த்தேன். எடை போட்டுத் தருகிறார்கள். வாங்கலாமா? துருப்பிடிக்குமே?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: வார்ப்பிரும்பா, தகடா என்று முதலில் பாருங்கள். காந்தம் இரண்டிலும் ஒட்டும். விரலால் சுண்டினால் வார்ப்பிரும்பு மந்தமாக ஒலிக்கும், தகடு தகரம் போலக் கணீர் என்னும். வார்ப்பிரும்பு டப் 100 முதல் 150 கிலோ வரை இருக்கும். தூக்க நாலு ஆள் வேண்டும், மாடிக்கு ஆகாது. ஆனால் அதன் உடல் கனமானது. துரு மேலாகப் படர்ந்தாலும் பல வருடம் தாங்கும். தகட்டு டப்பில் எனாமல் பெயர்ந்த இடம் இருந்தால் வாங்காதீர்கள். ஈரமண் பட்டு அங்கேயே ஓட்டை விழும்.

துளையிடும்போது எனாமல் கண்ணாடி மாதிரித் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். டேப் ஒட்டி, டைல்ஸ் துளைக்கும் பிட்டால் எனாமலை மட்டும் கடந்து, பிறகு இரும்புக்கான எச்.எஸ்.எஸ். பிட்டுக்கு மாறுங்கள். வார்ப்பிரும்புக்கு எண்ணெய் வேண்டியதில்லை, கரித்தூள் போலப் பொடிந்து வரும். துளைகளின் விளிம்பில் ரெட் ஆக்சைடு தடவுங்கள். வெளிப்பக்கத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு கை, எனாமல் பெயின்ட் இரண்டு கை. வெளிர்நிறம்தான் நல்லது. அக்னி நட்சத்திர வெயிலில் கரும்பச்சை பூசிய இரும்பு டப்பின் மேற்குப் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தால் காரணம் புரியும். அந்தப் பக்கத்து வேர் வெந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பழைய பெயின்ட்டிலும் எனாமலிலும் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் சேர்க்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். ஆகவே பழைய பூச்சைக் காய்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்துத் தூளைக் கிளப்பாதீர்கள், நனைத்துத் தேயுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

கேள்வி: பூவோடு ஓரத்தில் கீரையும் போடலாமா?
– வாசகி, வீரவநல்லூர்

பதில்: அக்ரிலிக் டப்பில் போடலாம். பழைய எனாமல் டப்பில் கூடாது. காரணம் மேலே சொன்ன ஈயம்.

கேள்வி: எந்தப் பூ வைத்தால் தினமும் தலைக்கு வைக்கக் கிடைக்கும்? எத்தனை செடி நடலாம்? எப்போது நடுவது?
– வாசகி, சேரன்மகாதேவி

பதில்: மண் மட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய நாலரை அடிக்கு இரண்டடி இடம். இதில் எல்லாப் பூவும் ஒவ்வொன்று என்று ஆசைப்பட்டால் எதுவும் கைநிறையக் கிடைக்காது.

தினசரிப் பூவுக்குக் கனகாம்பரம்தான் எங்கள் முதல் தேர்வு. ஓரடி இடைவெளியில் இரண்டு வரிசை, எதிரெதிராக இல்லாமல் மாற்றி மாற்றி, மொத்தம் எட்டுச் செடி. நட்ட இரண்டு மூன்று மாதத்தில் பூக்கத் தொடங்கி, அடைமழை நாள் போக வருடம் முழுக்கக் கொடுக்கும். மதியத்துக்குப் பிறகு நிழல் விழும் இடம் அதற்குப் பிடிக்கும். டப்பின் விளிம்பில் அரையடிக்கு ஒன்றாக டேபிள் ரோஸ் குச்சியைச் செருகிவிட்டால் அது வெளியே தொங்கி டப்பின் பக்கவாட்டை வெயிலிலிருந்து மறைக்கும். கொடியே டப்புக்கு நிழல்.

குண்டுமல்லி என்றால் டப்புக்கு இரண்டே செடி. முழு வெயில் வேண்டும். கார்த்திகை பாதியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்து, இலையை உருவி, உரம் வைத்தால் பங்குனியில் மொட்டு கட்டும். பிச்சியை வைப்பதானால் ஒன்று போதும், பின்னால் பந்தலோ கம்பிவலையோ கொடுங்கள். டிசம்பர் பூ மூன்று செடி நிற்கும். பூத்து முடிந்ததும் பாதிக்கு வெட்டிவிடுங்கள், இல்லையேல் குச்சி குச்சியாக மூன்றடிக்கு வளர்ந்து சாயும்.

பொங்கலுக்கு வீட்டுக் கேந்தி (செண்டுமல்லி) வேண்டும் என்றால் நவம்பர் முதல் வாரத்தில் விதைக்க வேண்டும். விதைத்து 60 முதல் 70 நாளில் பூ. நாற்று ஒரு சாண் வளர்ந்ததும் ஓரடிக்கு ஒன்றாகப் பிடுங்கி நட்டு, மொட்டு வரும் முன் நுனியை நகத்தால் கிள்ளிவிடுங்கள். கிளை வெடித்து, ஒரு பூ வர வேண்டிய இடத்தில் ஐந்தாறு வரும்.

நடும் காலம் உங்கள் பக்கத்துக்குப் புரட்டாசி. வெயிலின் கடுமை குறைந்து, வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் வேர் ஊன்றிவிடும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் விழும் ஆனி, ஆடியிலேயே நடலாம். பணகுடி, காவல்கிணறு பக்கம் அதே ஆடியில் நடாதீர்கள். கணவாய்க் காற்று இலையை உலர்த்தியே கொன்றுவிடும். அங்கெல்லாம் டப்பின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும், இரண்டடிக்கு மேல் வளரும் செடி வேண்டாம்.

தண்ணீர் கோடையில் தினம் ஒரு வாளி, அதாவது 12 முதல் 15 லிட்டர். மற்ற நாளில் விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் மட்டும். மாதம் ஒருமுறை செடிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம். கடலைப் புண்ணாக்கு 100 கிராமை ஒரு லிட்டரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றினாலும் நல்லது. நாற்றம் அடிக்கும், விருந்தாளி வரும் நாளாகப் பார்த்து ஊற்றாதீர்கள்.

கேள்வி: டப்பில் வைத்த கனகாம்பரம் ஒரு வருடம் நன்றாகப் பூத்தது. இப்போது ஒவ்வொன்றாக மஞ்சளித்து, பகலில் வாடி, சாகிறது. தண்ணீர் குறை இல்லை. என்ன வியாதி?
– வாசகி, களக்காடு

பதில்: மேலே பார்த்துச் சொல்ல முடியாது. வாடிய செடி ஒன்றை வேர் அறாமல் மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் மெல்ல அலசி, வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள்.

வேரில் மிளகு, கடுகு அளவில் முடிச்சு முடிச்சாக, விரலால் தேய்த்தாலும் உதிராமல் வேரோடு வேராக வீங்கியிருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. கனகாம்பரத்துக்கு இதுதான் முதல் எதிரி. முடிச்சு இல்லாமல், தண்டின் அடிப்பகுதியைக் கீறினால் உள்ளே பழுப்பாக ஓடியிருந்தால் பூஞ்சண வாடல். வேர் கறுத்து, இழுத்தால் தோல் மட்டும் உருவிக்கொண்டு வந்து, கெட்ட வாடை அடித்தால் வியாதியே இல்லை, வடிகால் கோளாறு. துளைகள் அடைத்திருக்கும். அடியிலிருந்து கம்பியை விட்டுக் குத்திவிடுங்கள்.

ஒரு வருடம் கழித்து ஒவ்வொன்றாகப் போவதால் நூற்புழுவுக்கே வாய்ப்பு அதிகம். மருந்து ஊற்றிச் செடியைக் காப்பாற்றும் கட்டம் தாண்டிவிட்டது. செடிகளை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள், உரக்குழியில் போட்டால் தோட்டம் முழுக்கப் பரவும். டப்பு மண்ணை எடுத்து, சித்திரை, வைகாசியில் வெயில் விழும் தரையில் அரையடி கனத்துக்குப் பரப்பி, நன்றாக நனைத்து, நிறமில்லாத பாலிதீன் தாளால் மூடி, ஓரத்தில் மண் போட்டு அமுக்குங்கள். கறுப்புத் தாள் வேண்டாம். தாள்தான் சூடாகும், மண் அவ்வளவாகச் சூடேறாது. ஈரம் இல்லாமலும் சூடு உள்ளே இறங்காது. ஆறு வாரம் அப்படியே கிடக்கட்டும். டப்புக்குள்ளேயே மூடி வைத்தால் மேல் அரையடிதான் சுடும், அடியில் புழு சுகமாக இருக்கும்.

திருப்பி நிரப்பும்போது வேப்பம் புண்ணாக்கு 2 கிலோவும், டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சணத்தை அடக்கும் நல்ல பூஞ்சணத் தூள்) 50 கிராமை 5 கிலோ ஈரத் தொழு உரத்தில் கலந்து நிழலில் பத்துப் பதினைந்து நாள் வைத்ததையும் சேருங்கள். உடனே கனகாம்பரம் நடாமல் ஒரு போகம் கேந்தி போடுங்கள். கேந்தியின் வேர் நூற்புழுவை மட்டுப்படுத்தும். பூவும் கிடைக்கும். கனகாம்பரத்துக்கு அடுத்த முறை நாற்று வாங்கும்போது ஒன்றைத் தட்டிக் கொட்டி வேரைப் பார்த்து வாங்குங்கள். முடிச்சு பெரும்பாலும் நாற்றோடுதான் வீட்டுக்கு வருகிறது.

கேள்வி: எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. டப்பு மண்ணின் மேல் வெள்ளையாகப் பூக்கிறது. மல்லி இலையும் வெளிறிவிட்டது.
– வாசகர், ராதாபுரம்

பதில்: தரையில் நட்ட செடிக்கு மழை உப்பை ஆழத்துக்கு அடித்துச் சென்றுவிடும். டப்பில் போக இடமில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். தினமும் அரை வாளி தெளிப்பதுதான் நிலைமையை மோசமாக்குகிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மேலே நிற்கும். அதற்குப் பதில் இடைவெளி விட்டு, அடித் துளைகளில் தாராளமாக வடியும்வரை ஊற்றுங்கள். மேலே உள்ள வெள்ளைப் படலத்தை ஒரு அங்குல மண்ணோடு சுரண்டி வெளியே போட்டு, இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த இலையோ நாரோ பரப்புங்கள். ஐப்பசியில் டப்புக்கு மேல் கூரை, நிழல்வலை எதுவும் இல்லாமல் திறந்து விடுங்கள். அடைமழை உப்பைக் கழுவிக் கொண்டுபோய்விடும். ஏ.சி. யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை, பிடித்து ஊற்றலாம். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் தண்ணீரைச் சிலர் மிச்சப்படுத்தி ஊற்றுகிறார்கள். அது உங்கள் போர்த் தண்ணீரைவிடக் கூடுதல் உப்பு.

மல்லியில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளியுங்கள். மாதம் ஒருமுறை, இலை பழைய பச்சைக்கு வரும்வரை. சுவரிலும் தரையிலும் பட்டால் துருக்கறை போகாது. ரோஜாவை உங்கள் தண்ணீரில் முயல வேண்டாம். அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி மூன்றும் சமாளிக்கும்.

கேள்வி: துளையே போடாமல் அல்லி வளர்க்கலாமா? கொசு வருமே?
– வாசகர், தென்காசி

பதில்: வளர்க்கலாம். சொல்லப்போனால் பாத்டப்புக்கு அதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. வேஸ்ட் கப்ளிங்கை ரப்பர் வாஷரோடு இறுக்கி, அதன் வாயை எம்-சீலால் அடைத்து, ஒருநாள் காயவிட்டு, தண்ணீர் நிரப்பி மறுநாள் மட்டம் இறங்கியிருக்கிறதா பாருங்கள். வழிநீர்த் துளையைத் திறந்தே விட்டு, மீன் போகாதபடி வலை ஒட்டுங்கள். சாரல் பிடித்துக்கொண்டால் தண்ணீர் தானே வழிந்து ஒரே மட்டத்தில் நிற்கும்.

கிழங்கை டப்பின் தரையில் நேராக நடாதீர்கள். ஒரு முழ அகலம், அரையடி ஆழமுள்ள பிளாஸ்டிக் பேசினில் அடியில் ஒரு பங்கு பழைய தொழு உரம், மேலே மூன்று பங்கு குளத்துக் கரம்பை (வண்டல் களிமண்) போட்டு நட்டு, மண் கலங்காமல் இருக்க ஒரு அங்குலம் மணல் பரப்புங்கள். தென்னைநார்க் கழிவு இங்கே ஆகாது, மிதந்துவிடும். பேசினுக்கு மேல் முதலில் அரையடித் தண்ணீர், இலை மேலே வந்தபின் டப் இடம் கொடுக்கும் அளவுக்கு ஏற்றலாம். டப்பின் ஆழம் ஒன்றேகால் அடிதான் என்பதால் முதலில் பேசினைச் செங்கல் மேல் ஏற்றி வைக்கத் தேவையிராது. தினம் ஐந்தாறு மணி நேரம் வெயில் விழ வேண்டும்.

முதல் மூன்று வாரம் தண்ணீர் பாசிபிடித்துப் பச்சையாக இருக்கும். பதறி மாற்றினால் மறுபடி முதலிலிருந்து பச்சையாகும். இலை பாதிப் பரப்பை மூடியதும் தானே தெளியும். கொசுவுக்குப் பத்து கப்பி மீன் போதும், புழுவைத் தின்று தீர்த்துவிடும். மீன் பெருகினால் கால்வாயிலும் குளத்திலும் கொண்டுபோய் விடாதீர்கள். அங்குள்ள நாட்டு மீன் குஞ்சுகளுக்கு அது ஆபத்து. வீட்டில் தவழும், நடை பழகும் பிள்ளை இருந்தால் எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கும்படி உறுதியான கம்பிவலையைச் சட்டத்தில் அடித்துப் பொருத்துங்கள். இலையும் பூவும் கண் வழியாக மேலே வரும் அளவுக்கு மூன்று அங்குலக் கண்ணுள்ள வலையாக இருக்கட்டும்.